சிலிக்கார மனுசியின் விரதம்

எனக்கு ஸ்பானிஷ் தெரியும் என்று வார்டில் முடிவு செய்தார்கள். அப்போது எனக்கு இங்கிலீஷே சரியாகத் தெரியாது.

எண்பத்தாறோ எண்பத்தேழோ, அந்தக் காலம். யாழ்ப்பாணத்தில் இருந்து நியூசிலாந்துக்கு வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஒடாஹுஹுவில் கடைகளுக்குப் பின்னால் ஒரு சின்ன வீட்டில் வாடகைக்கு இருந்தோம். இவருக்குக் கார் பொருத்துகிற இடத்தில் வேலை. எனக்கு ஆஸ்பத்திரியில். தேத்தண்ணி வண்டில் தள்ளுவது, கோப்பை கழுவுவது, கட்டிலுக்குக் கீழே துடைப்பது. நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. அந்த வேலைக்கு அது காணும்.

இங்கிலீஷில் எனக்குத் தெரிந்தது டீ, மில்க், சுகர், சொரி, யெஸ். யாராவது நீளமாகக் கதைத்தால் யெஸ் என்று சொல்லிவிடுவேன். யெஸ் என்றால் போய்விடுவார்கள். நோ என்றால் நின்று இன்னும் கதைப்பார்கள்.

ஆஸ்பத்திரியில் துணி தோய்க்கிற லோண்டரியில் ஒரு சிலி நாட்டுக்காரி வேலை செய்தா. என்னிலும் பத்து வயது மூப்பு. நானும் அவவும் ஒரே பஸ். அவவுக்கு அரை இங்கிலீஷ், எனக்குக் கால். மிச்சம் கை. அவையின் நாட்டிலும் ஆமி என்று முதல் நாளே விளங்கிவிட்டது. துவக்குப் பிடிப்பதுபோல் கையை வைத்துக் காட்டினா. நானும் அப்படியே காட்டினேன். அதற்குப் பிறகு பத்து மணித் தேத்தண்ணிக்கு நாங்கள் ஒன்றாகத்தான் இருப்போம். நான் அவவை அக்கா என்று கூப்பிட்டேன். அவ என்னைச் செஞ்ஞோரா என்பா. அது மரியாதையா பகிடியா என்று எனக்குத் தெரியாது. சொல்லும்போது சிரிப்பா.

இதை வார்டுக்குப் பொறுப்பான பெரிய நர்ஸ் எங்கேயோ நின்று பார்த்திருக்கிறா.

ஒரு திங்கட்கிழமை அவ என்னைக் கூப்பிட்டு ஜன்னலடிக் கட்டிலுக்குக் கொண்டுபோனா. அதில் ஒரு வயதுபோன மனுசி. வெள்ளைத் தலை, பின்னி முன்னால் போட்டிருந்தா. விலாவைப் பிடித்தபடி ஒருக்களித்துப் படுத்திருந்தா. பெரிய நர்ஸ் அவவைக் காட்டினா, என்னைக் காட்டினா, கதைத்தா. எனக்குக் காதில் விழுந்தது இவ்வளவுதான்: லோண்டரி, யுவர் ஃப்ரெண்ட், ஸ்பானிஷ்.

“யெஸ்?” என்று கேட்டா.

“யெஸ்” என்றேன்.

பெரிய நர்ஸின் முகம் மலர்ந்துவிட்டது. என் தோளில் தட்டினா. ஒரு தாளில் ஏதோ எழுதிக் கையில் தந்துவிட்டுப் போய்விட்டா. கட்டிலில் இருந்த மனுசி என்னைப் பார்த்து மழைபோலக் கொட்டினா. நான் வண்டிலைத் தள்ளிக்கொண்டு நகர்ந்தேன்.

பின்னேரம் அந்தத் தாளை மகளிடம் கொடுத்தேன். பன்னிரண்டு வயது. வந்த இரண்டு வருஷத்தில் அவளுக்குத் தமிழ் பாதியாகக் குறைந்துவிட்டது.

“அம்மா, திஸ் இஸ் அபௌட் யூ ஸ்பீக்கிங் ஸ்பானிஷ்.”

“தமிழில சொல்லு.”

“உங்களுக்கு ஸ்பானிஷ் தெரியுமாம்.”

இவர் பேப்பரை இறக்கிப் பார்த்தார். “ஆருக்கு?”

“அம்மாக்கு.”

“ஓகோ. இஞ்சேருமப்பா, எனக்குச் சொல்லவேயில்லை. நானும் இவ்வளவு காலம் யாழ்ப்பாணத்துப் பொம்பிளையெண்டெல்லோ நினைச்சன்.”

மகள் வாசித்து வாசித்துச் சொன்னாள். அந்த மனுசியும் சிலி நாடுதானாம். பித்தப்பையில் கல். ஒப்பரேஷன் செய்யவேணும். போன கிழமை நாள் வைத்தார்களாம். காலையில் அவ மேசையில் இருந்த பிஸ்கட்டைச் சாப்பிட்டுவிட்டா. சாப்பிடக்கூடாது என்று சொல்லத்தான் ஆளில்லை. மகன் தூரத்தில் ஆப்பிள் தோட்டத்தில் வேலை, கிழமைக்கு ஒருக்காத்தான் வருவான். ஒப்பரேஷன் நின்றுவிட்டது. இந்த வியாழன் காலை திரும்பவும் வைத்திருக்கிறார்கள். இதுவும் பிழைத்தால் லிஸ்டில் கடைசிக்குப் போகவேணும். எத்தனை மாதம் என்று சொல்ல ஏலாது.

“ஃப்ரம் மிட்நைட் ஷி மஸ்ட் பி ஃபாஸ்டிங். அதை நீங்க சொல்லவேணுமாம்.”

“ஃபாஸ்டிங் எண்டால்?”

மகளுக்குத் தமிழ் வரவில்லை. “அப்பா, ஃபாஸ்டிங்குக்கு என்ன?”

“விரதம்” என்றார் இவர், பேப்பருக்குப் பின்னால் இருந்து.

எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நாட்டுக்கு வந்து எனக்கு முழுதாக விளங்கிய முதல் விஷயம் அது.

“அம்மா, ஜஸ்ட் டெல் தெம் யூ கான்ட். யூ டோன்ட் ஈவன் ஸ்பீக் இங்கிலிஷ்” என்றாள் மகள்.

அவள் சொன்னது சரி. ஆனால் அந்த மனுசி விலாவைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தது எனக்குக் கண்ணுக்குள் நின்றது. தெரியாது என்று போய்ச் சொன்னால் வேறு ஆர் சொல்லுவார்கள்? அதோடு, யெஸ் என்று சொல்லிவிட்டேன். சொன்னதை எப்படித் திருப்பி எடுப்பது என்றும் தெரியாது.

அடுத்த நாள் பஸ்ஸில் மகளின் பழைய கொப்பி ஒன்றைக் கொண்டுபோனேன். அக்காவிடம் நடந்ததைச் சொன்னேன். சொல்லி முடிக்கவே மூன்று தரிப்பு போய்விட்டது. அவ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தா. முன்னால் இருந்த ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துவிட்டு, “ஓகே, செஞ்ஞோரா. ரைட்” என்று, எழுதச் சொல்லிக் கொப்பியைத் தட்டினா.

வேலை நேரத்தில் லோண்டரியை விட்டு வார்டுக்கு வர அவவை விடமாட்டார்கள். அதனால் அவ சொல்லச் சொல்லத் தமிழ் எழுத்தில் எழுதினேன். தொலோர் என்றால் நோ. ஆகுவா தண்ணி. பிரியோ குளிர். பாஞ்ஞோ கக்கூஸ். கொமேர் சாப்பிடுவது, நோ கொமேர் சாப்பிடாதே. மஞ்ஞானா நாளைக்கு. இங்கிலீஷ் நோ அவைக்கும் நோதான். எங்களுக்கு நோ என்றால் வலி. அதனால் தொலோருக்குப் பக்கத்தில் நோ என்று எழுதியதைப் பிறகு பார்த்தபோது எனக்கே குழப்பமாகி, வெட்டிவிட்டு வருத்தம் என்று எழுதினேன்.

மற்றவர்களுக்கு நாக்கு முறிகிற ஞ எழுத்து எனக்கு லேசாக வந்தது. அக்கா அதிசயப்பட்டா. “குட் மவுத்” என்றா.

வேலைக்கு நடுவில் போய் மனுசியிடம் சொல்லிப் பார்ப்பேன். “தொலோர்?” என்பேன். அவ கண்ணை விரித்து, ஓம் ஓம் என்பதுபோல் “சி, சி” என்று விலாவைக் காட்டுவா. பிறகு தொடங்குவா. நான் கேட்ட ஒரு சொல்லுக்கு அவ நூறு சொல் தருவா. அதுதான் எனக்குப் பெரிய கரைச்சல். ஒரு சொல்லைக் கேட்கத் தெரிந்தால் பதிலும் விளங்கும் என்று நான் நினைத்திருந்தேன். கேட்கிறது வேறு, விளங்குகிறது வேறு என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

பெரிய நர்ஸ் தூரத்தில் நின்று பார்த்துச் சிரிப்பா. நாங்கள் நன்றாகக் கதைக்கிறோம் என்று நினைத்திருப்பா. நான் அந்தப் பக்கம் பார்க்கவே மாட்டேன்.

வீட்டில் இவர் விடவில்லை. சோறு போடும்போது, “இதுக்கு ஸ்பானிஷில என்ன?” என்பார்.

“பேசாமல் சாப்பிடுங்கோ.”

“அது ஸ்பானிஷோ?”

புதன்கிழமை பஸ்ஸில் அக்காவிடம் முக்கியமானதைக் கேட்டேன். ஃபாஸ்டிங். அவவுக்கு அந்த இங்கிலீஷ் தெரியாது. நான் கும்பிட்டுக் காட்டினேன். பிறகு சாப்பாடு வேண்டாம் என்று கையால் தள்ளிக் காட்டினேன். அவவுக்கு உடனே பிடிபட்டது. நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டு, “அயூனோ!” என்றா. பெரிய வெள்ளிக்கு முன்னால் அவையும் இருப்பார்களாம். எனக்குச் சந்தோஷம். எந்த நாட்டிலும் விரதம் விரதம்தான் என்று நினைத்தேன். கொப்பியில் எழுதிக்கொண்டேன்.

அன்று மத்தியானம் மனுசியிடம் போய், “மஞ்ஞானா ஒப்பெராசியோன். நோ கொமேர். அயூனோ” என்றேன். மூன்று தரம் சொன்னேன்.

மனுசி எழும்பி இருந்தா. “அயூனோ” என்று தானும் சொல்லிப் பார்த்தா. பிறகு அவவும் சிலுவை போட்டா. என் கையைப் பிடித்து ஆட்டினா. மேசையில் இருந்த பிஸ்கட் பொதியைத் தானாகவே எடுத்து என்னிடம் தந்தா. கொண்டுபோ என்று கைகாட்டினா.

வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

வியாழன் காலை ஆறு மணிக்கு வேலைக்குப் போனேன். கட்டில் தலைமாட்டில் ஒரு மட்டை தொங்கியது. இங்கிலீஷ் எழுத்து. மட்டைகள் எப்போதும் எல்லாக் கட்டிலிலும் தொங்கும். நான் வாசிப்பதில்லை. மனுசி விழித்திருந்தா. வாய் காய்ந்து உதடு வெள்ளையாக இருந்தது. என்னைக் கண்டதும் சிரிக்கப் பார்த்தா. வயிற்றில் கை வைத்துத் தலையை ஆட்டினா. தலை சுற்றுகிறது என்று விரலால் வட்டம் போட்டுக் காட்டினா. பிஸ்கட் தொடவில்லை என்று மேசையையும் காட்டினா. வெறும் மேசை.

பாவமாக இருந்தது. கந்தசட்டிக்கு ஆறு நாளும் நான் இருக்கிறனான். பின்னேரம் பாலும் பழமும் எடுப்போம். பால் குடித்தால் விரதம் முறியாது. அது சின்ன வயதில் இருந்து எனக்குத் தெரியும். சோறு தின்றால்தான் முறியும். வயதுபோன ஆட்கள், வருத்தக்காரர் என்றால் பால் கட்டாயம் குடிக்கவேணும் என்று வீட்டில் வற்புறுத்துவார்கள்.

நான் குசினியில் அரைக் கோப்பை பால் சுடவைத்தேன். இரண்டு கரண்டி சீனி போட்டேன். கொண்டுபோய்க் கொடுத்தேன். அவ என்னைப் பார்த்தா. “அயூனோ?” என்று கேட்டா. நான் கும்பிட்டு, பரவாயில்லை என்று தலையை ஆட்டினேன். அவவும் யோசித்துவிட்டுத் தலையை ஆட்டினா. ஒரே மூச்சில் குடித்தா. கோப்பையைக் கழுவி வைத்தேன். ஆறேகால் இருக்கும்.

எட்டரைக்கு உருளுகிற கட்டிலோடு ஆள் வந்தது. பெரிய நர்ஸும் வந்தா. மனுசிக்குப் பச்சைச் சட்டை மாற்றியாயிற்று. தலைமயிரைத் தொப்பிக்குள் விட்டாயிற்று. பெரிய நர்ஸ் என்னிடம், “ஆஸ்க் ஹர். ஹாஸ் ஷி ஈட்டன்?” என்றா.

“கொமேர்?” என்று கேட்டேன்.

“நோ, நோ” என்றா மனுசி.

“நோ ஈட்” என்று பெரிய நர்ஸிடம் சொன்னேன். உண்மைதானே.

“குட் கேர்ள்” என்று என்னைத் தட்டினா. கட்டிலைத் தள்ளத் தொடங்கினார்கள். நடந்துகொண்டே, “நத்திங் அட் ஆல்? நொட் ஈவன் வாட்டர்?” என்றா. அதை என்னிடம் கேட்கவில்லை, சும்மா சொன்னா என்று நினைக்கிறேன். பதிலுக்கு நிற்கவில்லை.

வாட்டர் எனக்குத் தெரிந்த சொல்.

நான் துடைக்கிற தடியோடு நின்றேன். தண்ணியும் கூடாதா? தண்ணி குடிக்காமல் என்ன விரதம்? தண்ணி கூடாதென்றால் பால்? பால் தண்ணியிலும் பார்க்கக் குறைவா கூடவா? பால் நல்லதுதானே. மட்டையைப் பார்த்தேன். அது வெறும் கட்டிலில் தொங்கிக்கொண்டிருந்தது. எழுத்துப் பெரியது. சிவப்பு.

சொன்னால் ஒப்பரேஷன் நிற்கும். மனுசி லிஸ்டில் கடைசி. சொல்லாவிட்டால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது. தெரியாததுதான் பயமாக இருந்தது.

தடியைப் போட்டுவிட்டு ஓடினேன். லிஃப்ட் கதவு திறந்திருந்தது. கட்டில் பாதி உள்ளே.

“மில்க்” என்றேன். “ஐ கிவ்.”

பெரிய நர்ஸ் கதவைக் கையால் மறித்துப் பிடித்தா. “வாட்?”

அரைக் கோப்பை என்று கையால் காட்டினேன். “மில்க். சுகர். மோர்னிங்.”

அவவின் முகம் கழுத்தில் இருந்து சிவந்து மேலே ஏறியது. “ஒய்?”

அதற்கு என்னிடம் இங்கிலீஷ் இல்லை. விரதம், கந்தசட்டி, பால் பழம் எல்லாம் வாய்வரைக்கும் வந்தது. கையைக் கூப்பிக் காட்டினேன். “கோட்” என்றேன். “கோட், மில்க் ஓகே.”

அவ என்னைப் பார்த்துக்கொண்டே நின்றா. கட்டில் தள்ளுகிறவன் மேலே கூரையைப் பார்த்தான்.

கட்டில் திரும்பி வந்தது. மயக்க மருந்து கொடுக்கிற டாக்குத்தர் மேலே இருந்து இறங்கி வந்தார். சிவப்புத் தாடி, இளம் ஆள். பெரிய நர்ஸோடு கதைத்தார். ஏசுவார் என்று நின்றேன். மணிக்கூட்டைக் காட்டினார், விரல்களை மடக்கி எண்ணினார். பின்னேரம் இடம் கிடைத்தால் பார்க்கலாம், அதுவரை ஒன்றும் வாயில் வைக்கக்கூடாது. இவ்வளவும் எனக்குக் கையில் இருந்துதான் விளங்கியது.

மனுசிக்கு அதுவும் விளங்கவில்லை. திரும்பவும் நிறுத்திவிட்டார்கள் என்று நினைத்துவிட்டா. சத்தம் போடவில்லை. தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தா. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தா. நான் கொப்பியை எடுத்துப் பார்த்தேன். குளிர் இருந்தது, கக்கூஸ் இருந்தது. நிற்கவில்லை, பொறுங்கோ என்பதற்கு ஒன்றும் இல்லை.

பத்து மணிக்கு லோண்டரிக்கு ஓடினேன். அக்கா ஈரச் சீலைகளை மடித்துக்கொண்டு நின்றா. கேட்டுவிட்டுச் சொன்னா, “மில்க்? ஐ கிவ் ஆல்சோ. மில்க் இஸ் ஓகே, அயூனோ.” தானென்றாலும் கொடுத்திருப்பாவாம், அவைக்கும் அப்படித்தானாம். எனக்கு ஆறுதலாக இருந்தது. பிறகு ஆறுதல் ஏன் என்று விளங்கவில்லை. நானும் மனுசியும் அக்காவும், மூன்று பேரும் ஒரே மாதிரிப் பிழையாகத்தான் நினைத்திருந்தோம்.

அவ சொல்லித் தந்ததை உள்ளங்கையில் பேனையால் எழுதினேன். போய் மனுசியின் முதுகைத் தொட்டு வாசித்தேன். “ஒப்பெராசியோன், சி. தார்தே. நாதா. நி ஆகுவா.” பின்னேரம், ஒன்றும் வேண்டாம், தண்ணியும் வேண்டாம். நாதா என்றால் ஒன்றுமில்லையாம். தேவாரத்தில் அது சிவன். மனுசி திரும்பி என் கையைப் பிடித்து, எழுத்தைப் பார்த்தா. தமிழ் எழுத்து. விரலால் தடவிப் பார்த்தா. தலையை ஆட்டினாவா இல்லையா என்று இப்போதும் எனக்கு நிச்சயம் இல்லை.

மூன்று மணிக்கு என் வேலை முடியும். நான் போகவில்லை. மூன்றரைக்குச் சிவப்புத் தாடி வந்தார். கட்டிலடியில் என்னை நிற்கவைத்தார். பால் எவ்வளவு, எத்தனை மணிக்கு? காட்டினேன். அதற்குப் பிறகு ஏதாவது குடித்தாவா? மனுசியிடம் கேள் என்றார்.

“ஆகுவா?” என்று கேட்டேன்.

மனுசி தொடங்கினா. நிறையச் சொன்னா. குழாயைக் காட்டினா. வாயைக் காட்டினா. ஆகுவா என்று இரண்டு தரம் வந்தது. நோ வந்தது. சி வந்தது. என்னைக் காட்டினா. ஏதோ கோபமாகவும் சொன்னா. முடித்துவிட்டு டாக்குத்தரைப் பார்த்தா. டாக்குத்தர் என்னைப் பார்த்தார். பெரிய நர்ஸ் என்னைப் பார்த்தா.

“வெல்?” என்றார். “நோ வாட்டர்?”

குழாயைக் காட்டினாவே, குடித்திருப்பாவோ. நோ என்றாவே, குடிக்கவில்லையோ. நோ வாட்டர், யெஸ் என்றால் இப்போதே கொண்டுபோவார்கள். ஒரு சொல்தான். மனுசி காலையில் இருந்து அதற்காகத்தான் கிடக்கிறா. எனக்கு நாக்கு வரைக்கும் வந்தது.

“ஐ டோன்ட் நோ” என்றேன். “லோண்டரி லேடி நோ. ஐ நொட் நோ.”

எனக்குத் தெரியாது, அவவுக்குத்தான் தெரியும் என்று லோண்டரிப் பக்கம் கையையும் காட்டினேன்.

“யூ டோன்ட் ஸ்பீக் ஸ்பானிஷ்?” என்றா பெரிய நர்ஸ்.

“நோ.”

“பட் யூ செட் யெஸ்.”

“யெஸ்.”

சிவப்புத் தாடி திரும்பி ஜன்னலைப் பார்த்தார். தோள் குலுங்கியது. சிரிக்கிறாரா இருமுகிறாரா தெரியவில்லை. பெரிய நர்ஸ் சிரிக்கவில்லை.

அக்காவைக் கூப்பிட்டார்கள். முழங்கைவரை ஈரத்தோடு வந்தா. மனுசிக்கு அவவைக் கண்டதும் குரல் மாறிவிட்டது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கதைத்தார்கள். பிறகு அக்கா டாக்குத்தருக்குத் தன் அரை இங்கிலீஷில் சொன்னா. வாயைக் கொப்பளித்துத் துப்பினாவாம். விழுங்கவில்லை. மத்தியானம் ஒருக்கா, பிறகு ஒருக்கா.

“ஸ்பிட்?” என்று டாக்குத்தர் துப்பிக் காட்டினார்.

“சி. ஸ்பிட், ஸ்பிட்” என்றா மனுசி, இங்கிலீஷில்.

டாக்குத்தர் தாளில் ஏதோ எழுதித் தலையை ஆட்டினார். உருளுகிற கட்டில் வந்தது. மனுசி தொப்பியைத் தானே எடுத்துப் போட்டுக்கொண்டா.

அக்கா என்னிடம் மெல்லச் சொன்னா, “ஷி ஆங்ரி. ஷி ஸே, நொட் யூ. ஷி ட்ரிங்க். ஹர் மவுத், ஹர் மில்க்.” யாரோடு கோபம், என்னோடா டாக்குத்தரோடா, பாலோடா? கேட்டேன். அக்கா கையை விரித்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது வா என்றா.

“நீங்க போங்கோ அக்கா” என்றேன். தமிழில்தான் சொன்னேன். அவ போனா.

பெரிய நர்ஸ் வீட்டுக்குப் போகமுன் ஒரு தாளை மேசையில் வைத்து, கையெழுத்துப் போடு என்று இடத்தைக் காட்டினா. போட்டேன். அது ஏச்சா, அறிக்கையா, என்னவென்று தெரியாது. மகளிடம் காட்டப் பிரதியும் தரவில்லை. அடுத்த நாள் வேலைக்கு வராதே என்று ஒருவரும் சொல்லவில்லை. அதனால் போனேன். அது பிறகு.

அன்று நான் நடைபாதையில் ஒரு கதிரையில் இருந்தேன். பின்னேரச் சாப்பாட்டு வண்டிலை வேறு ஒருத்தி தள்ளிக்கொண்டு போனா. என்னைக் கண்டு, நீ ஏன் இங்கே என்பதுபோல் பார்த்தா.

ஆறு மணிக்குக் கிட்டக் கட்டில் வந்தது. மனுசி வாயைத் திறந்தபடி கிடந்தா. கையில் குழாய். பின்னேர நர்ஸ் ஒரு சின்னப் போத்தலை ஆட்டிக் காட்டினாள். உள்ளே கற்கள். கொத்தமல்லி அளவில் ஐந்தாறு, ஒன்று கொஞ்சம் பெரிது. அவள் ஏதோ வேகமாகச் சொன்னாள். ஒன்றும் விளங்கவில்லை. நான் மனுசியின் நெஞ்சைப் பார்த்தேன். போர்வை ஏறி இறங்கியது. கொஞ்ச நேரம் பார்த்தேன். சரியாகத்தான் ஏறி இறங்கியது.

நான் வீட்டுக்குப் போனபோது இவர் கதவடியில் நின்றார்.

“எங்கையப்பா போனனீர்? பிள்ளை பசியோட இருக்கிறாள்.”

“ஒப்பரேஷன் முடிஞ்சுது.”

“ஆருக்கு?”

“சிலிக்கார மனுசிக்கு.”

“அதுக்கு உமக்கென்ன?”

சப்பாத்தைக் கழற்றிவிட்டு அரிசி கழுவப் போனேன். உள்ளங்கையில் எழுத்து இன்னும் இருந்தது. அரிசித் தண்ணியில் கொஞ்சம் கொஞ்சமாகப் போனது.